கேன்டீனில் ஓட்டுப் பெட்டி வைத்த நாள்

எங்கள் லைனில் எனக்கு இடப்பக்கம் நிற்பவளை எல்லோரும் தாயி என்று கூப்பிடுவார்கள். மராட்டியில் அக்கா என்று பொருள். வலப்பக்கம் நிற்பவள் எங்கள் இருவரையும்விடப் பதினைந்து வயது இளையவள். அவளைச் சின்னவள் என்றே இங்கே எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் இந்த இரண்டு பேரும் எதிரெதிரான இரண்டு யூனியன்களுக்காக மோதிக்கொண்டார்கள். நடுவில் நான் நின்றேன். அப்போது பார்த்ததை இன்றுவரை என்னால் சாதாரண விஷயமாக நினைக்க முடியவில்லை.

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் மராட்டி ஊரான போபோடியில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கிக்குப் பட்டாளத்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ், கடையில் இந்தி, வேலையில் மராட்டி. விடியும் முன்பே லோக்கல் ரயில் பிடித்துத் தளேகாவ் போய், அங்கிருந்து கம்பெனி பஸ். வண்டிகளுக்கு வயரிங் செய்யும் கம்பெனி அது. ஒரு காருக்குள் ஓடும் வயர்களையெல்லாம் சாய்ந்த பலகையில் முளைகளுக்கு நடுவே வரிசையாகப் போட வேண்டும். பிறகு டேப் சுற்றிக் கட்டி, முனைகளில் கனெக்டர் மாட்ட வேண்டும். பலகையை நாங்கள் போர்டு என்போம். போர்டு நகர்ந்துகொண்டே இருக்கும். தாயி வயர் போடுவாள், நான் டேப் சுற்றுவேன், சின்னவள் கனெக்டர் மாட்டுவாள். லைனில் நிற்பவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள்.

தாயி பழைய யூனியனின் கமிட்டியில் இருந்த ஒரே பெண். உரத்த குரல், சட்டென்று வரும் கோபம். யாராவது ஒருமுறை தப்பாகப் பேசிவிட்டால் வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பாள். ஆனால் ஏழு மாதக் கர்ப்பிணிகளுக்கு உட்கார்ந்து செய்யும் டெஸ்டிங் மேஜையில் இடம் வேண்டுமென்று மேனேஜர் அறைக்கு வெளியே மூன்று நாள் நின்று வாங்கித் தந்தவளும் அவள்தான். என் இரண்டாவது பெண்ணைச் சுமந்தபோது நான் உட்கார்ந்தது அந்த நாற்காலியில்.

சண்டை ஒரு ஒப்பந்தத்தில் ஆரம்பித்தது. பழைய யூனியனின் நகர அலுவலகத்தில் இருந்தவர்கள் கம்பெனியோடு பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சம்பளம் கூடியது. கூடவே, ஒரு ஷிஃப்டுக்கு முடிக்க வேண்டிய போர்டுகளும் கூடின. எங்களுக்கு அது நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் தெரியும். தாயிக்கே முந்தின நாள்தான் தெரிந்திருக்கிறது. ஆனாலும் தன் யூனியனை விட்டுக்கொடுக்காமல் பேசினாள். எனக்கு வலது மணிக்கட்டில் வலி வந்தது அந்த மழைக்காலத்தில்தான். வீட்டில் சப்பாத்தி மாவு பிசைய முடியாமல் பெண்ணைக் கூப்பிடுவேன்.

கம்பெனி வாசலில் பழைய யூனியன் நடத்திய அடுத்த கேட் மீட்டிங்கில் சின்னவள் கை தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இந்தக் கணக்கை எழுதியவர் ஒரு ஷிஃப்டாவது நின்று டேப் சுற்றியிருக்கிறாரா என்று கேட்டாள். மேடையில் இருந்தவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். காம்ஷேத் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவள் அவள். அதுவரை அவள் குரலையே நாங்கள் சரியாகக் கேட்டதில்லை. இரண்டு மாதத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் புது யூனியனின் பலகை முளைத்துவிட்டது.

இரண்டு பக்கமும் உறுப்பினர் படிவத்தோடு வந்தார்கள். தாயி நீட்டினாள், கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் சின்னவள் நீட்டினாள், அதிலும் போட்டேன். இரண்டு பேருமே என் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர்கள். யாரிடம் மாட்டேன் என்று சொல்வது? என் வீட்டுக்காரர் ஹிஞ்சேவாடி ஆபீஸ் ஒன்றுக்குக் கேப் ஓட்டுகிறார். அவரிடம் சொன்னபோது சிரித்தார்.

"ரெண்டுத்துலயும் போட்டுட்டியா? நல்லதாப் போச்சு. எவன் ஜெயிச்சாலும் நீ அவன் ஆளு," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எந்த யூனியனுக்கு ஆள் அதிகம் என்று பார்க்கக் கோர்ட்டிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். கம்பெனிச் சாப்பாட்டைத் தொடாமல் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருவார். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களைப் பத்துப் பத்துப் பேராகக் கூப்பிட்டார். என் முறை வந்தது. இரண்டிலும் இருப்பது உங்கள் கையெழுத்துத்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் என்றார். இரண்டு பேரும் என் பக்கத்தில் நிற்பவர்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெளியே வந்தபோதுதான் தெரிந்தது, என்னைப் போல ஏராளமான பேர் இருந்திருக்கிறார்கள். பட்டியலை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது என்று ஆனபின், ரகசிய ஓட்டு வைப்பதற்கு இரண்டு யூனியனும் சம்மதித்தன.

அடையாள அட்டைகளில் இருந்த படங்கள் எல்லாம் பழையவை. வருகிறவள் இன்னார்தான் என்று முகம் பார்த்துச் சொல்ல லைனிலிருந்து ஒருத்தி வேண்டும், இரண்டு தரப்பும் தனித்தனியாக ஒரு பெயர் எழுதித் தாருங்கள் என்றார் அதிகாரி. இரண்டு சீட்டிலும் என் பெயர் இருந்தது. நான் நியாயமானவள் என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்கு இருந்தது பயம் மட்டும்தான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

அதற்குப் பிந்தைய வாரங்களில் தாயியும் சின்னவளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கேட்டில் இரண்டு பக்கமும் மைக் வைத்துத் திட்டிக்கொண்டார்கள். லோக்கலில் பெண்கள் பெட்டியில்கூட ஒரு பக்க ஜன்னல் அவர்களுக்கு, மறுபக்க ஜன்னல் இவர்களுக்கு என்று ஆனது. ஆனால் லைனில் தாயி போட்ட வயர் என் கை வழியாகச் சின்னவளிடம் போயே தீர வேண்டும். ஒருநாள் தாயி ஒரு வயரை இடம் மாற்றிப் போட்டுவிட்டாள். அது டெஸ்டிங்கில் பிடிபட்டால் தப்பு தாயியின் பெயரில் விழும். அந்த வாரம் அப்படி ஒன்று நடந்திருந்தால் புது யூனியன்காரர்கள் கேட்டில் மைக்கில் சொல்லியிருப்பார்கள். சின்னவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, அவங்ககிட்டச் சொல்லு. பச்சை வயர் ரெண்டு முளை தள்ளிப் போயிருக்கு," என்றாள் என்னிடம். இவர்கள் பேசியதெல்லாம் மராட்டிதான். என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

நான் தாயி பக்கம் திரும்பினேன். ஒரு கை தூரத்தில் நின்ற தாயிக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"பார்த்துட்டேன்னு சொல்லு," என்றாள்.

திரும்பி அதைச் சின்னவளிடம் சொன்னேன். தாயி குனிந்து வயரை எடுத்துச் சரியான இடத்தில் போட்டாள். போர்டு நகர்ந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னவளுக்குத் தாயியைத் தோற்கடிக்க வேண்டும். ஆனால் இப்படி வேண்டாம்.

ஓட்டுப் போடும் நாளில் விடியற்காலையிலிருந்தே மழை. இந்த மாவல் மலைப் பக்கத்து மழை எப்படிப் பெய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கேன்டீனில் மேஜைகளை ஒதுக்கி, கம்பெனியின் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தடுப்பு கட்டியிருந்தார்கள். பழைய யூனியனுக்குச் சாவிச் சின்னம், புதியதுக்குக் குடை. அதனால் யாரும் குடையோடு உள்ளே வரக்கூடாது என்று அதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். அந்தக் கொட்டும் மழையில் பெண்கள் கேட்டிலேயே குடைகளை வைத்துவிட்டு முந்தானையையும் துப்பட்டாவையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். புது யூனியன்காரர்கள் முணுமுணுத்தார்கள். அதிகாரி அசையவில்லை.

அவருக்கு அடுத்த மேஜையில் எனக்கு நாற்காலி. இரண்டு யூனியனின் ஏஜென்டுகளும் எனக்கு இரண்டு பக்கம் உட்கார வேண்டும். ஏஜென்டுகளாக வந்தது தாயியும் சின்னவளும்தான். லைனில் நிற்பதுபோலவே உட்கார்ந்தோம்.

முதலில் வந்தவள் வயர் முனைகளில் உலோகத்தை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் மெஷினில் வேலை செய்பவள். எத்தனையோ வருடத்தில் அவள் சூப்பர்வைசரிடம்கூட நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. சீட்டை வாங்கியவள் அப்படியே நின்றாள்.

"சாஹேப், பெட்டி காலியா இருக்கான்னு தெறந்து காட்டுங்க," என்றாள்.

அதிகாரி எழுந்து, பூட்டைத் திறந்து, பெட்டியை அவள் பக்கம் கவிழ்த்துக் காட்டினார். அவள் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனாள்.

இவர்களையெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் டப்பாவில் என்ன இருக்கும், எல்லாம் தெரியும். அன்றைக்கு ஒவ்வொருத்தியாக என் முன்னால் வந்து நின்றபோது புதிதாகப் பார்ப்பதுபோல இருந்தது. பிரசவமாகிப் பதினைந்து நாள் ஆன ஒருத்தி ஆட்டோவில் வந்தாள், கேட்டில் அவள் அம்மா குழந்தையோடு நின்றாள். ஒருத்தியின் புருஷன் பழைய யூனியனுக்காக மைக் பிடித்தவன், அவள் தடுப்புக்குப் பின்னால் நெடுநேரம் நின்றுவிட்டு யாரையும் பார்க்காமல் போனாள். எல்லோருமே சீட்டை வாங்கும் முன் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இவர்கள் ஓட்டுப் போட வந்துபோக லைனை ஓட்டியவர்கள் கான்ட்ராக்ட் பெண்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது. சீக்கிரம் போய்ட்டு வாங்க என்று சொல்லி எங்கள் போர்டுகளில் நின்றுகொண்டார்கள்.

மத்தியானம் நானும் போனேன். அட்டைத் தடுப்புக்குள் ஈர நாற்றம். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்ததும் தாயி வாங்கித் தந்த நாற்காலி ஞாபகம் வந்தது. கையை மடக்கியபோது மணிக்கட்டு வலித்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. குடைமேல் குத்தினேன். திரும்பிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். இடப்பக்கம் திரும்ப முடியவில்லை.

நாலு மணிக்கு ஓட்டு முடிய வேண்டும். இரண்டாவது ஷிஃப்ட் பெண்கள் மூன்று மணிக்கே வந்து போட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. தேஹு ரோடு பஸ் வந்தது, தளேகாவ் பஸ் வந்தது. காம்ஷேத் பக்கத்திலிருந்து வர வேண்டிய இரண்டு பஸ்கள் வரவில்லை. மூன்றரைக்குச் செய்தி வந்தது. வழியில் ஒரு தாழ்ந்த பாலத்தின்மேல் தண்ணீர் போகிறது, பஸ் இரண்டும் அந்தப் பக்கம் நிற்கின்றன.

அந்த இரண்டு பஸ்ஸில் வருகிறவர்கள் யாருக்குப் போடுவார்கள் என்று கேன்டீனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சின்னவளின் ஊர்க்காரிகள்.

நாலு மணிக்குக் கேட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் சீட்டுத் தர முடியும் என்றார் அதிகாரி. இரண்டு தரப்பும் எழுதிக் கொடுத்தால் ஒரு மணி நேரம் நீட்டலாம், இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். சின்னவள் எதுவும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுப் பயனில்லை என்று நினைத்திருப்பாள். பழைய யூனியனின் நகர அலுவலகத்திலிருந்து வந்த பெரியவர் தாயியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தார். விதி விதிதான், நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம், பேசாமல் உட்கார் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

 தாயியின் கால் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. நாலு ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது அதிகாரியிடம் கையை நீட்டினாள்.

"பேப்பர் கொடுங்க. எழுதித் தரேன்."

பின்னால் நின்றவர் அவள் தோளைத் தொட்டார். "ஜெயிச்சு முடிச்சதைத் தூக்கி அவங்க கையில கொடுக்கறியா?"

தாயி திரும்பாமலே பேசினாள். குரலில் கனிவு எதுவும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"அவங்க பாலத்துல நிக்கிறப்ப நான் ஜெயிச்சேன்னா, நாளைக்கு யாரை வெச்சு ஸ்ட்ரைக் பண்ணுவேன்? யார் என் பின்னால வருவா? நீங்க ஆபீசுக்குப் போயிடுவீங்க, சாஹேப். நான் இவங்களோடதான் நிக்கணும்."

எழுதினாள். கையெழுத்துப் போட்ட வேகத்தில் பேப்பர் ஓரிடத்தில் கிழிந்தது. அதை எனக்கு முன்னால் தள்ளி, அவகிட்டக் கொடு என்றாள். நான் எடுக்கும் முன்பே சின்னவள் கையை நீட்டி எடுத்துக்கொண்டாள். தாயியின் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டு அதிகாரியிடம் கொடுத்தாள். நன்றி என்று அவளும் சொல்லவில்லை, தாயியும் எதிர்பார்க்கவில்லை. 

நாலே முக்காலுக்குக் கேட்டில் சத்தம் எழுந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கரும்பு ஏற்றும் டிராலியோடு ஒரு டிராக்டர் நின்றது. டிராலிக்குமேல் ஒரு நீலத் தார்பாய். அதற்கு அடியிலிருந்து பெண்கள் இறங்கினார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு டிராலியில் இத்தனை பேர் நிற்க முடியுமா என்று இருந்தது. அவர்களில் ஒருத்தியின் மச்சினனுடைய டிராக்டராம். தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பயந்திருக்கிறான். இவர்கள்தான் ஏறி நின்றுகொண்டு ஓட்டு ஓட்டு என்றிருக்கிறார்கள்.

வரிசையில் வந்து நின்றபோது ஒவ்வொருத்தியிடமிருந்தும் தண்ணீர் சொட்டியது. முகம் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். ஒரு சீட்டில் ஒரு முத்திரை குத்த ஆற்றுத் தண்ணீரைத் தாண்டி வந்திருக்கிறார்கள். நான் இவர்களோடு எத்தனையோ வருடம் டீ குடித்திருக்கிறேன். இவர்களால் இது முடியும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அப்போது தாயி எழுந்து நின்று கத்தினாள். "ஈரக் கையோட சீட்டைத் தொடாதீங்க. மை கலைஞ்சா ஓட்டு செல்லாது. தொடைச்சுட்டு வாங்க." சொல்லிவிட்டு, சமையல் பக்கம் போய்த் துடைக்கும் துணிகளை அள்ளிக்கொண்டு வந்து வரிசையில் முதலில் நின்றவளிடம் கொடுத்தாள். துணி கை மாறிக் கை மாறிக் கடைசிவரை போனது. அத்தனையும் தனக்கு எதிரான ஓட்டுகள். அவளுக்கு அது தெரியும்.

அன்று மாலையே எண்ணி முடித்தார்கள். பத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் பழைய யூனியன் தோற்றது. வெளியே யாரோ பட்டாசு வெடிக்கப் பார்த்தார்கள், நனைந்த திரி பிடிக்கவில்லை. சின்னவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். தாயி ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு தேஹு ரோடு பஸ்ஸுக்குப் போனாள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் ஆட்களே அவளைத் துரோகி என்றார்கள். அந்த மாதமே கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் முதல் ஷிஃப்டுக்கு அவள் எப்போதும்போல வந்து என் இடப்பக்கம் நின்றாள். வயர் எடுத்தாள், போட்டாள். என்னிடம் தந்தாள்.

கம்பெனியோடு புதுப் பேச்சுவார்த்தை ஒரு வருடத்துக்குமேல் இழுத்தது. சின்னவளுக்குத் தைரியம் இருந்த அளவுக்கு விவரம் இல்லை. பழைய ஒப்பந்தங்களில் எந்த வரிக்கு என்ன பொருள் என்று தெரியாமல் முழித்தாள். ஒருநாள் டீ இடைவேளையில் நேராகத் தாயியிடமே போய்க் கேட்டாள். தாயி முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இரண்டு வாரம் கழித்து, கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள். சொல்லும்போதெல்லாம் திட்டுவாள். சின்னவள் திட்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்வாள். கடைசியில் போர்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. கேட்ட அளவு குறையவில்லை, ஆனாலும் குறைந்தது. கான்ட்ராக்ட் பெண்களுக்கு இன்னும் ஓட்டு இல்லை. சின்னவள் இப்போது அவர்கள் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

புது ஒப்பந்தம் கையெழுத்தான வாரத்தில், தாயியும் நானும் மட்டும் டீயோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வருடத்துக்குமேலாக நெஞ்சில் இருந்ததை அன்றைக்குச் சொன்னேன். "தாயி, நான் குடைக்குத்தான் போட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரை ஊதினாள்.

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். மணிக்கட்டு வலிக்குதுன்னு என் பக்கத்துலயே நின்னு எவ்வளவு நாள் சொன்னே. எனக்கு ஆபீசுல இருந்தவங்க சொன்னதுதான் காதுல விழுந்துது."

நான் டம்ளரைப் படியில் வைத்தேன்.

"இப்ப எப்படி இருக்கு, கை?" என்று கேட்டாள்.

பரவாயில்லை, மாவு பிசைகிறேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மீதி டீயைக் குடித்தாள்.